ஷட்டரின் உள்பக்கம்

கடனை நோட்டில் எழுதுவதை விட்டு இரண்டு வருஷம்.
கிரீஸ் பட்டுப் பட்டு
பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.
இப்போது சாக்பீஸ்,
ஷட்டரின் உள்பக்கத் தகரத்தில்.
காலையில் தூக்கிவிட்டால்
எல்லாப் பெயரும் சுருண்டு தலைக்கு மேல் போய்விடும்.
பகலெல்லாம் அதன் அடியில் நின்றுதான்
"அடுத்த மாசம் குடுப்பா, இன்னா இப்ப" என்கிறேன்.

ராத்திரி ஒன்பதரைக்கு இழுத்தால்
ஒவ்வொருவராக இறங்கி வருகிறார்கள்.
சிப்காட் வேன் தனஞ்செழியன், கிளட்ச் பிளேட், 3,200.
மாந்தாங்கல் பால் வண்டி, பெயர் அழிந்துவிட்டது, தொகை இருக்கிறது.
ஆற்காட்டு ஸ்வீட் கடை, ரேடியேட்டர், 1,850,
ஒரு பெட்டி மக்கன்பேடா கழித்தது போக.
வலது மூலையில் தனியாக, கோட்டீஸ்வரன், 800.
அது நான் தர வேண்டியது.
ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் போகும்போது
பையன் கேட்கவே இல்லை.
கேட்டிருந்தால் இத்தனை நாள் எழுத்து நின்றிருக்காது.

வெளியூர்க்காரர் ஒருவர் பஞ்சர் பார்க்க வந்தார்.
"ராணிப்பேட்டையில் நாறும் என்றார்களே,
காற்று நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்.
எனக்கு அடிவயிறு கலங்கியது.
தோல்ஷாப் நாற்றம் இல்லையென்றால் டிரம் ஓடவில்லை.
டிரம் ஓடவில்லையென்றால் லோடு இல்லை.
லோடு ஏற்றாத வண்டி
எதற்காகக் கெட்டுப்போக வேண்டும்?

மேல்விஷாரம் இம்தியாஸ் பாய்
பதினாறு வருஷம் போனிலேயே பார்ட்ஸ் அனுப்பியவர்,
இப்போது முதலில் நலம் விசாரிக்கிறார்.
பிறகு "ரொக்கமா?" என்கிறார்.
அவர் கடை ஷட்டரின் உள்பக்கத்தில்
என் பெயர் எந்த உயரத்தில் இருக்குமோ.

வியாழக்கிழமை எபினேசர் தன் குட்டியானையைக் கொண்டுவந்து விட்டான்.
வெள்ளைப் புகை. ஐந்து டியூ பாக்கி.
சனிக்கிழமை மத்தியானம் டீக்கடையிலிருந்து போன்:
"பைனான்ஸ் ஆளுங்க ரெண்டு பேர்,
உன் ஷெட் எங்கேன்னு கேட்டுட்டு வர்றாங்க."

திங்கட்கிழமை பிரிக்க வேண்டிய இன்ஜினை
இருபது நிமிஷத்தில் பிரித்தேன்.
அவர்கள் வந்தபோது சிலிண்டர் ஹெட்
செய்தித்தாள் மேல் காய்ந்துகொண்டிருந்தது.
"இழுத்துட்டுப் போவோம்" என்றார்கள்.
"தாராளமா. நட்டு போல்ட்டை எண்ணிக் கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கோங்க."
போட்டோ எடுத்தார்கள்.
யாருக்கோ போன் போட்டு வெகுநேரம் "சார், சார்" என்றார்கள்.

கருணை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.
வண்டி போனால் என் 11,400ம் அதில் ஏறிப் போகும்.
ஆனால் அத்தனை அவசரத்திலும்
போல்ட்டுகளை வரிசை மாறாமல்
அட்டையில் குத்தி வைத்திருந்தேன்.
அது எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

கிளம்பும்போது இளையவன் தயங்கினான்.
"அண்ணா, என் பைக்கு செயின் சத்தம் போடுது."
உட்கார்ந்து இறுக்கிக் கொடுத்தேன்.
ஐம்பது ரூபாய் தந்தான்.
அன்றைக்கு வந்த ரொக்கம் அது ஒன்றுதான்.

ராத்திரி எபினேசர் வந்தான்.
வெளிச்சம் ரோட்டுக்குத் தெரியக் கூடாதென்று
ஷட்டரை உள்ளிருந்து இழுத்து விட்டேன்.
அவன் டார்ச் பிடிக்க, நான் மாட்ட,
இரண்டு மணி ஆனது.
அப்போதுதான் தகரத்தைப் பார்த்தான்.
தன் பெயரைக் கண்டுபிடித்தான்.
விரலால் தொட்டு மெதுவாகக் கூட்டினான்.

"கேஸ்கட்டை விட்டுட்டியே" என்றான்.

சாக்பீஸை எடுத்து அவனே எழுதினான்.
ஹெட் கேஸ்கட், 650.
கையில் காசு இல்லை,
நான் கேட்கவும் இல்லை.
என் எழுத்துகளுக்கு நடுவில்
அந்த ஒரு வரி மட்டும்
கோணாமல் இருந்தது.