பிடித்தம்

படிவத்தின் நெற்றியில்
‘காலமானார்’ என்று எழுதச் சொல்கிறார்கள்.
தேதியும் வேண்டுமாம். போன மார்ச் ஒன்பது.

தொழில்: பனி அள்ளும் வண்டி ஓட்டுநர், டுலூத் நகராட்சி.
பெயர்ச்சொல் காலம் காட்டாது, நல்லவேளை.

ஹால்வர் டிசம்பர்வரை இருப்பான் என்ற கணக்கில்தான்
வாராவாரம் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள்.
பத்து வாரம்கூட முழுசாய் இல்லை.
ஆகவே, அவன் வாழாத மாதங்களிலிருந்து
நானூற்றுப் பன்னிரண்டு டாலர் வரவேண்டும்.

யார் நீங்கள், எந்த உரிமையில் கேட்கிறீர்கள்
என்றொரு துணைப் படிவம்.
அக்கா. ஆர்டிஸ் தோர்ஸன்.
ஏழாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில்
அவனுக்காக அப்பா கையெழுத்தைப் போட்டவள்.
அதற்குக் கட்டம் இல்லை.

காசோலை ஆறு வாரத்தில் வருமாம்.
கடைசிக் குளிரில், வண்டி திரும்பும்போது,
அவன் இடித்துச் சாய்த்த தபால் பெட்டிக்குள்
அதுவும் கொஞ்சம் சாய்ந்தே கிடக்கும்.