மூணாம் லேன் பேச்சிக்கு

எல்லாரும் படிக்கிறது எதுன்னு
எழுதி அனுப்பச் சொன்னாய்.
எல்லாரும் என்றால் யார் யார் என்று
கல்லாவில் கைவைத்தபடி யோசித்தேன்.
உள்ளதைச் சொல்கிறேன், வையாதே:
குன்னத்தூர்ச் சத்திரத்துக்குள் இந்தக் கடையில்
அதிகம் போவது குரூப் ஃபோர் கைடு.
அடுத்தது பஞ்சாங்கம்.
அதற்கும் அடுத்தது முப்பதே நாளில் இந்தி.
ஒரே ஆள் அதை மூன்றாம் முறை வாங்கிப் போகிறார்.
அவருக்கு இன்னும் முப்பது நாள் ஆகவில்லை.

கதைப் புத்தகம்தான் வேண்டுமா, சரி.
பெயர் சொல்லி இங்கே எவரும் கேட்பதில்லை.
"அந்தச் செவப்பட்டை இருக்கா,
கிணத்துல ஆரம்பிக்குமே" என்பார்கள்.
அது வேண்டும் உனக்கு. ஆனால்
ராத்திரி ஷிப்டுக்கு ஆகாது.
பதினோராம் அத்தியாயத்தில் ஒரு கதவு தட்டப்படும்.
அந்நேரம் பார்த்து எவனாவது
ஃபாஸ்டேக்கில் காசில்லாமல் வந்து
உன் கண்ணாடியைத் தட்டினால்
நான் பொறுப்பில்லை.

ராத்திரிக்கு அந்த ராஜா கதை போதும்,
செங்கல் மாதிரி இருக்குமே, அது.
முற்றுகையில் மூடி வைத்துவிட்டு
மூன்று நாள் கழித்து நீ திறந்தாலும்
கோட்டை விழுந்திருக்காது.
அவர்களுக்கும் அவசரமில்லை.

மழைபெய்யும் அட்டை போட்ட காதல் கதையைக்
கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் காசு சேர்த்து வாங்குகிறார்கள்.
உதட்டைப் பிதுக்காதே, நானும் பிதுக்கினேன்.
எழுபத்தாறாம் பக்கத்தில்
சண்டை போட்டு வந்தவனுக்கு அவள்
ஒன்றும் பேசாமல் ரசத்தைச் சுடவைக்கிறாள்.
அந்த ஒரு பக்கத்துக்காக
மற்ற இருநூறையும் மன்னித்துவிடு.

உனக்குச் சொல்வது கஷ்டம், பேச்சி.
பெயர்தான் பேச்சி.
நல்லா இருந்துச்சு என்று கொடுப்பாய்,
நல்லா இல்லை என்றாலும் அதே குரலில்.
ஓரம் மடிந்திருக்கிறதா என்று
நீ போனபின் புரட்டிப் பார்த்துத்தான்
தெரிந்துகொள்வேன்.

போன மாசி மாதம் கொடுத்த பச்சையட்டை,
அந்த நாய்க் கதை,
எங்கே என்றதற்கு நாக்பூரில் என்றாய்.
சாத்தூரில் தீப்பெட்டி ஏற்றிய லாரி
உன் சன்னலில் நின்றதாம்.
அங்கிட்டு ஸ்கேனர் மக்கர் பண்ண
இங்கிட்டு டிரைவர் உன் மடியைப் பார்த்து
"என்னக்கா கதை" என்றாராம்.
நாற்பதாம் பக்கம், நாய்க்கு இருமல்.
பாதியில் தூக்கிக் கொடுத்துவிட்டாய்.
எனக்குக் கோபம்தான்.
புத்தகத்தின் மேலா உன் மேலா
தெரியவில்லை.

இருபத்தியிரண்டு நாள் கழித்து
திரும்பும் லேனிலிருந்து ரோட்டைத் தாண்டி வந்து
பாலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்தாராம்.
பக்கமெல்லாம் மருந்து வாசம்,
நூற்றுப் பன்னிரண்டில் கிரீஸ் ரேகை.
"நாய் பொழச்சிருச்சுக்கா" என்றாராம்.
அதை எனக்குச் சொல்லத்தான்
காலை ஆறு மணிக்கு போன் செய்தாய்.
ஏழு வருடத்தில் முதல் முறை
நீயாகப் பேசினாய், பதினாறு நிமிடம்.
இனி நான் படிக்கணுமா, அதான் தெரிஞ்சு போச்சே
என்று சிரித்துக்
கொடுத்தும் அனுப்பிவிட்டாய்.

அன்று சாயங்காலம் அலமாரியில் வைக்குமுன் புரட்டினேன்.
பழைய பிரதி, தையல் விட்டிருந்தது.
கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.
வாங்கும்போதே இல்லை போலிருக்கிறது,
பசை மேல் தூசி பல வருடத்துத் தூசி.
கடைசியாக இருக்கும் வரியில்
வைத்தியர் பையைத் திறக்கிறார்.

நேற்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டு மூட்டையில்
முழுப்பிரதி ஒன்று வந்திருக்கிறது.
இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை,
மேலாக இருப்பதால் அட்டை மட்டும் தெரிகிறது.

செவப்பட்டை, ராஜா, மழை
மூன்றையும் திருமங்கலம் பஸ்ஸில்
கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன்.
நாலாவதாக இதையும் வைக்கவா
என்பதை மட்டும் நீ சொல்லு.
அப்படியே அந்த லாரி நம்பர் இருந்தால் வாங்கி வை.
அவருக்கு என் கணக்கில்
ஒரு புத்தகம் உண்டு.