நாலு பதினொன்று

காலாங் பேசினில் அந்தக் கட்டடத்துக்குச்
சரக்கு லிப்டில்தான் ஏற வேண்டும்.
மூன்றாம் மாடி பிஸ்கட், ஐந்தாம் மாடி அச்சகம்,
நடுவில் அவருடைய கார்ட்டூன் கம்பெனி.
பெயர்ப்பலகைக்குக் காசில்லாததால்
கதவெண்ணே பெயராயிற்று.

சிக்ஸ்டன் ஆல்மார்க், சுவீடன்காரர்.
கோப்பிக்கடை வாயில் சிக்ஸ்டீன் ஆகி
எங்களிடம் வந்து சேர்ந்தபோது பதினாறு.
திறப்பு நாளில் கணக்கெழுதும் குமுதவல்லி
"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்றாள்.
என்னென்ன பதினாறு என்று கேட்டார்.
ஆளுக்கொன்றாய்ச் சொல்லி
ஒன்பதில் நின்றுபோனோம்.
"பரவாயில்லை, மீதி இடைப்படம்" என்றார்.

இடைப்படம்தான் என் வேலை.
ஒன்றாவதை அவர் வரைவார்: கை கீழே.
ஒன்பதாவதை அவர் வரைவார்: கை மேலே.
நடுவிலிருக்கும் ஏழு கைகளும் என்னுடையவை,
யார் கண்ணிலும் தங்காதவை.

பால்மாவு விளம்பரத்துக்கு ஒருமுறை
பனி பெய்ய வேண்டியிருந்தது.
என் தாள்களைப் புரட்டிப் பார்த்து,
"இது உங்கள் நவம்பர் மழை,
வெள்ளையடித்திருக்கிறாய்" என்றார்.
கழுத்தில் தொங்கிய நிறுத்துக்கடிகாரத்தை
என்னிடம் கொடுத்துவிட்டு
மேசைமேல் ஏறி நின்று
டிஷ்யூத் தாளைக் கிழித்துக் கிழித்துப் போட்டார்.
ஏர்கான் காற்றில் ஒவ்வொரு துண்டும்
எதையோ வீட்டில் வைத்துவிட்டு வந்ததுபோல்
இரண்டு தரம் திரும்பிற்று.
நாலு விநாடி. மூன்றரை. ஐந்து.
குறித்துக்கொண்டேன்.
அவர் வரைந்த மழை மட்டும் என்ன,
அதில் நனைந்தவர் எவரும் ஓடவில்லை.
ரோஸ்னாதான் ஒருவன் தலையில்
பிளாஸ்டிக் பை ஒன்றை வரைந்து கவிழ்த்தாள்.

தொண்ணூற்றெட்டில் ஜகார்த்தாத் தொடர் நின்றது,
அப்புறம் பாங்காக்.
கொஞ்சம் வேலை மணிலாவுக்குப் போயிற்று,
கொஞ்சம் கணினிக்குள்.
சைக்கிளை விற்றார், கேமராவை விற்றார்.
ஆகஸ்ட் சம்பளம் வரவில்லை;
சேமநிதி மட்டும் கட்டியிருந்தார், அபராதத்தோடு.
கடைசி நாள் பதினொரு பேரையும் நிற்கவைத்து
தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை,
ஹொக்கியனில் ஒருமுறை மன்னிப்புக் கேட்டார்.
ஹொக்கியனில் சொன்னது வேறெதுவோ.
லியோங் உதட்டைக் கடித்துக்கொண்டு
சுவரைப் பார்த்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எனக்கு ஆயிரத்து அறுநூறு வெள்ளி வரவேண்டும்.

வீட்டுக் கடன் தவணை கட்டும்போதெல்லாம்
அவரைத் திட்டினேன்,
மூன்று வருடம், விடாமல்.

பிறகொரு நாள் தபால்பெட்டியில் உறை.
நூறு வெள்ளிக் காசோலை, கட்டம் போட்ட தாள்.
எங்கள் பழைய தாள்தான்,
விநாடி எழுதும் கட்டங்களில்
மாதங்களை எழுதியிருந்தார்.
ஏதோ தீவில், படகுத்துறையில்
சீட்டுக் கொடுக்கும் வேலையாம்.
ஓரத்தில் பென்சிலில் ஒரு மனிதன்,
ஒரு கால் அந்தரத்தில்.
அடுத்த மாத உறையில் அதே மனிதன்,
அந்தக் கால் தரையில்.

இப்படிப் பதினாறு.
பதினேழாவதில் வட்டி மட்டும்,
நாற்பத்தொரு வெள்ளி முப்பது காசு.
படமில்லை.

அப்போது நான் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில்.
சுவரில் இருந்த விளக்குப்பெட்டி
எங்களுடைய அதே கம்பெனி,
அதே ரீங்காரம்.
ஓர் இரவுப் பணியில்
பதினாறு தாளையும் அடுக்கிப் புரட்டினேன்.
மனிதன் நடக்கவில்லை. குதித்தான்,
வெட்டி வெட்டி.
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே
முழங்காலை எங்கே வைக்க வேண்டுமென்று
என் விரலுக்குத் தெரிந்தது.
பென்சிலைத் தேடினேன், பேனாதான் இருந்தது.

வாசலில் யாரோ இருமினார்.
தாள்களைக் கோப்புக்கடியில் தள்ளிவிட்டு
அவரைப் பலகைமுன் நிறுத்தி,
தோளைத் திருத்தி,
"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன்,
"அசையாதீங்க."