மூன்றாவது நிரல்

ரூல் கொப்பி ஒன்றில் கோடு போட்டிருக்கிறேன்:
இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் இலக்கம்.
பேரின்பத்தின் விரலை அந்தச் சின்ன முதலை
கவ்விக்கொண்டிருக்கும் வரை
நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

மார்கழி, விடிய ஆறு மணி. எண்பத்தாறு.
பதறிப்போய் ஓட்டோவுக்குக் கோல் எடுத்தேன்.
உவர்மலையில் இரவு முழுக்க வாடைக்காற்று;
அவர் கை ஐஸ்பெட்டியில் கிடந்த மீன்போல.
என் கக்கத்துக்குள் வைத்துச் சூடேற்றினேன்.
தொண்ணூற்றிரண்டு.
ஓட்டோக்கார அஸ்மிர்
தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிப் போனான்.

இருமினால் விரல் ஆடும், விரலோடு இலக்கமும்.
ஜன்னல் வெயிலில் ஒன்று, திரையை இழுத்தால் வேறொன்று.
மகளின் சின்னவள் ஒருநாள் அவருடைய நகமெல்லாம்
நீலக் கியூட்டெக்ஸ் பூசிவிட்டாள்.
அன்றைக்கு முதலை வாயைத் திறந்தபடி
இரண்டு கோடு மட்டும் காட்டியது.
அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது.

பொங்கலுக்கு மறுநாள் தொண்ணூற்றேழு!
சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன்,
பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன்.
கிணற்றடியிலிருந்து வந்தவர்
வாசல்படியில் என் பெயரின் பாதியோடு நின்றுவிட்டார்.
"யோக..."
சட்டையில் பீடி மணம்.

புகை ஏறிய இரத்தமும் அந்தக் கருவிக்குச் சிவப்புத்தான்.
கடன்காரனையும் சம்பந்தியையும்
ஒரே குரலில் "வாங்கோ" என்று
கதிரை போட்டு இருத்துகிற வெகுளி அது.

பெரியாஸ்பத்திரியில் மணிக்கட்டில் ஊசியை ஆழ இறக்கி
நாடியிலிருந்தே இரத்தம் எடுத்தார்கள்.
கந்தளாய் மில்லின் உமித்தூசி இருபத்தாறு வருஷம்
தழும்பாய் உறைந்த நெஞ்சு; ஊசிக்கும் முகம் சுளிக்கவில்லை.
இரத்தம் சொன்னது: எண்பத்தைந்து.
அதே நிமிஷம் விரல் சொன்னது: தொண்ணூற்றொன்று.

"கறுப்புத் தோலுக்கு மெஷின் கொஞ்சம் கூட்டிச் சொல்லும், அம்மா.
எல்லாருக்கும் இல்ல. கீழ போகப் போகப் பிழையும் கூடும்,"
என்றாள் நிலூகா மிஸ், உடைந்த தமிழில்,
தன் கையை அவர் கையருகே வைத்துப் பார்த்தபடி.
அவளும் எங்கட நிறம்தான்.

ஆறு இலக்கம்.
பஸ்ஸில் மிச்சக் காசு ஆறு ரூபாய் குறைந்தால்
கொண்டக்டரோடு சண்டை பிடிப்பவள் நான்.
இதற்கு யாரோடு பிடிப்பது?
எவருடைய விரல்களைப் பார்த்து
இது எண்ணப் பழகியதோ, அவர்களோடா?

வீட்டுக்கு வந்து கொப்பியில் இன்னொரு கோடு போட்டேன்.
ஒரு மூச்சில் எத்தனை சொல்.

நேற்று:
"வாசலில மான் நிக்குது, கேற்றைப் பூட்டு, செவ்வந்தியைத் தின்னும்."
ஏழு.

இன்று:
"மான் திரும்ப வந்திட்டுது."
மூன்று.
விரலில் தொண்ணூற்று மூன்று, பச்சை வெளிச்சத்தில், வடிவாக.

கோல் எடுத்தேன்.
இன்றைக்குத் தேத்தண்ணி இல்லை என்றேன் அஸ்மிரிடம்.