தராசுக்குக் குரல் நான்

சனிக்கிழமை இரவு எட்டரைக்கு
பதினொரு குட்டிக் கார்ட்டூன்கள்,
பதினொரு பேர் வரைந்தவை.
ஏழாவது எங்களுடையது.
எங்களுடையது என்றால்
படம் ஜெயரூபி,
சத்தம் நான்.

மூன்று நிமிடம் பத்து வினாடி.
வினாடிக்குப் பன்னிரண்டு படம்.
பெருக்கிப் பார்த்துவிட்டு நான் பேசாமல் இருந்தேன்.
ஒன்பது மாதத்தில்
அவள் விரலும் காய்த்துப்போனது,
அவள் அம்மாவுக்குக் காய்த்த இடத்தில் அல்ல,
கொஞ்சம் தள்ளி.

கதை இவ்வளவுதான்:
மடுவத்தில் தொங்கும் தராசுக்குப் பசி.
ஒவ்வொரு சாக்கிலும் இரண்டு கிலோ தின்கிறது.
வயிறு பெருத்து இறக்கத்தில் உருள்கிறது.
அட்டை ஒன்று ஏறிக் கடித்துப் பார்த்து
இரத்தம் இல்லையென்று
இலையாய்த் துப்புகிறது.
கடைசியில் தராசு
தன்னையே தன் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது.
முள் அசைவதில்லை.

மழைக்கு அரைக் கிலோ பருப்பைத்
தகரத்தில் கொட்டினேன்.
அட்டை நடக்க, பலூனில் ஈரக் கட்டைவிரல்.
முள் துடிக்க, அடிமட்டத்தில் தலைக்குத்தும் ஊசி.
லயம் தூங்கிய பிறகு
கம்பளிக்குள் போனை வைத்துப் பதிந்ததில்
மேல் லயத்து நாயும் விழுந்துவிட்டது.
இருக்கட்டும் என்றாள் ரூபி.

தராசுக்கு ஒரே வசனம்.
நாற்பது தடவை சொல்லிப் பார்த்து
தடிமன் பிடித்த அன்று சொன்னதை எடுத்தோம்.

செபமாலை அக்கா வீட்டில்தான் பெரிய டிவி.
காம்பரா நிறைந்து
இஸ்தோப்பு வரைக்கும் ஆள்.
முதலாவதில் மீன் ஒன்று
மிதிபலகையில் தொங்கிக்கொண்டு பஸ்ஸில் போனது.
மூன்றாவது வெறும் ஒரு கோடு,
அதற்குக்கூடக் கோபம் வந்தது.
நான்காவதில் களிமண் யானை:
செய்தவரின் கைரேகை
அதன் நெற்றியில் அப்படியே.

ஐந்தாவது ஓடும்போது மழை பிடித்தது.
மஸ்கெலியா மழை
தகரக் கூரையில் எப்படி என்று
தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.
சத்தத்தை நூறில் வைத்தார்கள்.
நூறும் கேட்கவில்லை.

ஏழாவது வந்தது.
என் அரைக் கிலோ மழையை
அந்த மழை விழுங்கிவிட்டது.
அட்டை ஊமையாய் நடந்தது.
மேல் லயத்து நாய் வாயே திறக்கவில்லை.
தராசு முதல் சாக்கைத் தின்று
வாயைத் திறந்தது,
மூடியது.
எனக்குத் தொண்டை அடைத்தது.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த செபமாலை அக்கா
தலை நிமிராமலே சொன்னாள்:
“ரெண்டு கிலோ கழிச்சாச்சு.”

இரண்டாவது சாக்குக்குப் பின்வரிசை சொன்னது,
மூக்கால், இழுத்து,
நான் நாற்பது தடவையிலும் எட்டாத சரியான இழுவையில்.
மூன்றாவதற்கு எல்லோரும்.
மலையேறிக் கொழுந்தாயாத
பொடியன்களும் சொன்னார்கள்.
யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வாசலில் கணக்கப்பிள்ளை நின்றார்.
அவர் வீட்டு டிஷ்ஷில் தண்ணீராம்.
அவர் முகம் எப்படி இருந்தது என்று
இன்றைக்கும் கேட்கிறார்கள்.
குடையை உதறினார்.
நான் பார்த்தது அவ்வளவுதான்.

ரூபி திரையையே பார்க்கவில்லை.
திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
எந்த எழுத்துக்கு
எந்த உதடு குவிகிறதென்று.
அவள் விரல் முழங்காலில் கோடு இழுத்தது.

பிறகு பெயர்கள்.
அவள் பெயர் முழுதாய் ஏறிப் போனது.
“ஒலி” வரைக்கும் தெளிவாய் வந்தது.
அதற்குப் பிறகு மழையில் படம் சிதறி
என் பெயர் இருந்த இடத்தில்
பச்சைச் சதுரங்கள்.

எட்டாவது தொடங்கவும்
மழை விட்டது.
நூறில் வைத்ததை யாரும் குறைக்கவில்லை.
நத்தை ஒன்று கொம்பை நீட்டி ஊதிய ஊதலில்
லயமே துள்ளி விழுந்தது.
தொட்டிலில் பிள்ளை அலறியது.
அக்காவின் பூண்டு தரையெல்லாம்.

எல்லோரும் சிரித்து ஓயும்வரை
நான் அசையவில்லை.
அந்த ஊதல் எதில் எடுத்ததென்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
குழாயா, பூசணித் தண்டா?
யாரோ, நல்ல கைக்காரன்.
பெயர் வரட்டும் என்று காத்திருந்தேன்.