தொண்ணூற்றெட்டு இஞ்ச்

படுக்கப் போட்டால் பலகை விரியும்,
அதனால் நிறுத்தியே கட்டினோம் பெட்டியை
மார்த்தாண்டத்தில், குட்டியானை வண்டியில்.
நித்திரவிளை தாண்டியதும் காற்று பிடித்தது.
ஷைஜு பின்னால் கட்டிப்பிடித்து நின்றான்,
சப்பரத்தில் சுரூபத்தைப் பிடிப்பவன் மாதிரி.

சின்னத்துறையில் சந்துக்குள் வண்டி ஏறாது.
பந்தை ஓரங்கட்டிவிட்டு நாலு பையன்கள் வந்தார்கள்.
லே மக்கா, பைய, உள்ளே கண்ணாடியாக்கும்.

வாசல் விட்டது.
மாடிப்படி திரும்புகிற இடம் விடவில்லை.
கீழேயே வைக்கலாமே என்றேன்.
ஆனியில் கடல் கீழே வரும், என்றாள் ஜெயசீலி,
பக்கத்து வீட்டார் வருவதைச் சொல்வதுபோல.

ஜன்னல் கம்பியை வெட்டினோம்.
வள்ளக் கயிறு வந்தது, கப்பி வந்தது,
கரைமடி இழுக்கிறவர்கள் தாங்களாகவே வந்தார்கள்.
அறுபத்தெட்டு கிலோ. அவர்களுக்கு அது ஒரு மீன்.

சுவரில் துளை போட்டேன்.
டிரில் நுழைந்தது, பூச்சு மாவாய்க் கொட்டியது,
நாக்கில் பட்டது உப்பு.
மாட்ட முடியாது, காலில்தான் நிறுத்தணும்.
காலுக்கும் காலுக்கும் ஐந்தரை அடி,
வீட்டில் இருக்கும் மேசை நாலு அடி.
அவள் இறங்கிப்போய் இரண்டு ஐஸ் பெட்டி கொண்டுவந்தாள்,
மேலே ஒரு பலகை.
இரண்டேகால் லட்சம் அதன்மேல் உட்கார்ந்தது.

சோபாவிலிருந்து ஒன்பதடி. பன்னிரண்டு வேணும்.
பின்னால் தள்ளினால் வராந்தா,
அதற்கும் பின்னால் ஸ்டெர்லின் வீட்டுக் குளிமுறி.

கேபிள் போட்டேன்.
செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம்
பரோட்டாவுக்கு வீசிய மாவாய் விரிந்தது.
ஒரு நொடியில் நூற்றிநாற்பத்துநாலு தடவை
படத்தைப் புதுப்பிக்கும் அக்கா, என்றேன்.
எந்தப் படத்தை?
வருகிற படத்தை.
வருவது எத்தனை?
இருபத்தஞ்சு.
மிச்சத்துக்கு?
வந்ததையே திருப்பிக் காட்டும்.
அவள் சிரித்தாள். எங்க ஊர் வயர்லெஸ் மாதிரி.

டெல்பின்தான் கொச்சியில் பணம் கட்டியிருக்கிறான்,
உலகக்கோப்பைக்கு என்று.
ஆழ்கடல் போட்டு. நாற்பது நாள் வெளியே, எட்டு நாள் வீடு.
அந்த எட்டில் மூன்று நாள் உறக்கம்.
கணக்கு எனக்கே வந்தது, சொல்லவில்லை.
விற்ற கடையின் சட்டை போட்டிருந்தேன்.

போனில் இருக்கிற காற்றுப் படம்
இதில் வருமா என்று கேட்டாள்.
வந்தது.
சுவர் முழுக்க அரபிக்கடல்,
வெள்ளைக் கோடுகள் நழுவி நழுவி ஓடின,
அப்போதுதான் அந்த நூற்றிநாற்பத்துநாலு என்னவென்று
எனக்கே தெரிந்தது. ஒரு கோடும் துள்ளவில்லை.

அவள் சோபாவில் உட்காரவில்லை.
போய் ஒட்டி நின்றாள், மூக்கு படுகிற தூரத்தில்.
லட்சத்தீவுக்கு மேற்கே ஒரு விரலை வைத்து
அங்கேயே வைத்திருந்தாள்.
விரல் எடுத்தபின் ஈரம் ஒரு வட்டமாய் நின்றது.
திரையைத் தொடக்கூடாது என்பது
கையேட்டில் முதல் பக்கம்.
நான் ஸ்க்ரூக்களைப் பொறுக்கினேன்.

நாலரை மணிக்கு வெயில் தாழ்ந்தது.
வெட்டின ஜன்னல் வழியே கடலின் மினுக்கம் ஏறி
திரையில் விழுந்தது.
காற்று போயிற்று, தீவு போயிற்று,
நாங்கள் இரண்டுபேரும் கறுப்புக் கண்ணாடியில் நின்றோம்,
ஷைஜு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பக்கம் கனமா ஒரு கர்ட்டன் போடுங்க அக்கா,
இல்லையென்றால் ஆறு மணிவரை ஒன்றும் தெரியாது.

கடல் பக்கமா, என்றாள்.
பதினோரு வருஷமா நினைக்கியேன்.

சீட்டில் கையெழுத்து வாங்கினேன்.
நிறுவல் திருப்தியா என்கிற கட்டத்தில்
ஆம் என்று டிக் போட்டது நான்தான்.
கம்பி ஒட்ட வெல்டர் வியாழக்கிழமை வருவானாம்.