காயாத துவாய்

டிசம்பரில் அங்கே குளிர்காலமா
என்று கேட்டு எழுதியிருந்தாள் பைவி,
பின்லாந்தில் தம்பேரே என்ற ஊரிலிருந்து.
இல்லை என்று எழுதப்போன விரல்
பாதியில் நின்றது.
மாரியை அவளுக்கு எப்படி எழுதுவது?
வாடை இறங்கும். ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும்.
வெய்யில் வந்து எட்டிப் பார்க்கும், நம்பக்கூடாது.
குடை கொண்டு வா, அதையும் நம்பாதே.
தடித்த உடுப்பு வேண்டாம்.
அந்தக் கடைசி வரிதான் பிழைத்துப்போயிற்று.

கொழும்புத்துறையில்
மூன்று அறை வாடகைக்கு விடுகிறேன்.
கடல் பார்த்த அறைக்கு ஐந்நூறு ரூபாய் கூட.
மாரியில் அதே அறைக்கு ஐந்நூறு குறைவு,
யன்னல் மரம் ஊதிச் சாத்த வராது.

விடிய ஐந்து மணி.
மரியநேசன் ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினான்.
அவன் தலையில் கம்பளித் தொப்பி,
சேர்ட்டுக்கு மேல் சேர்ட்,
கழுத்தைச் சுற்றிப் பிள்ளையின் பள்ளிக்கூட மவ்ளர்.
அவளுக்குக் கையில்லாச் சட்டை, அரைக் காற்சட்டை.
ஒருவரையொருவர் விசர் என்று நினைத்ததைக்
கேற்றடியில் நின்று பார்த்தேன்.
போன் இருபத்து மூன்று பாகை என்றது.
எங்களுக்கு இது யூலை, என்றாள்.
மரியநேசன் தும்மினான்.
ஆனாலும் உதடு நீலம்தான்.
கொழும்பிலிருந்து ஏசி பஸ்,
எட்டு மணித்தியாலம்.

மூன்றாம் நாள் நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்க
வெளிக்கிட்டாள். தங்கச்சிக்குப் புட்டுமா கொடுத்துவிட
நானும் ஏறினேன்.
குறிகட்டுவானில் கடல் சாம்பல் நிறமாய்
இறங்குதுறைப் படியை அறைந்துகொண்டிருந்தது.
இண்டைக்கு போட் இல்லை.
எப்ப?
காத்தைக் கேளுங்கோ.
காஸ் சிலிண்டரைச் சரித்து அதன்மேல் ஒருவர் குந்தியிருந்தார்.
வினாத்தாள் கட்டுக்குப் பொலித்தீன் சுற்றிய ரீச்சர்
தனக்கு ஒன்றும் சுற்றாமல் நனைந்தார்.
தடுப்பூசிப் பெட்டியோடு வந்த தாதி
மூடியைத் திறந்து பார்த்தாள்:
கரைந்து பாதியான ஒரு பனிக்கட்டி.
எங்கள் மாரி முழுவதிலும் இருந்தது அவ்வளவுதான்.
பைவி குனிந்து
ஊர்க்காரரைக் கண்டதுபோல் சிரித்தாள்.
மத்தியானம் வரை இருந்துவிட்டுத்
திரும்பி வந்தோம்.
புட்டுமாவும் திரும்பி வந்தது.

இதற்கிடையில் அவளுடைய துவாய்.
காலையில் கொடியில், மழை துமிக்கக் கதிரையில்,
இரவு காற்றாடியின் கீழ்.
நாலு நாளாய்ப் பிழிந்த மாதிரியே இருந்தது.
உப்புப் போத்தலில் தண்ணீர் ஊறியது.
நெருப்புக்குச்சி உரச உரச மருந்து உதிர்ந்தது.
அப்பளம் துணியாய் மடிந்தது.

ஐந்தாம் இரவு
படுக்கை விரிப்பைப் போர்த்தியபடி அடுக்களைக்கு வந்தாள்.
எங்கள் ஊரில் குளிர் வாசலுக்கு வெளியே நிற்கும்,
என்றாள்.
இங்கே கட்டிலில் படுத்திருக்கிறது.

நுவரெலியாப் பயணத்துக்கு வாங்கி
ஒரே ஒருநாள் போட்ட சுவெற்றரைக் கொடுத்தேன்.
கைகள் முழங்கையோடு நின்றுவிட்டன.
மல்லியும் வேர்க்கொம்பும் அவித்து
ஊதி ஊதிக் குடித்தோம்.
பிறகு துவாயை மேசையில் விரித்து
அயன் பெட்டியை வைத்தேன்.
புஸ்ஸென்று ஆவி.
இரண்டு பேரும் கையை நீட்டினோம்,
முகத்தை நீட்டினோம்.
ஒரு மூலை காய்ந்தது. மறு மூலைக்குப் போக
கரண்ட் நின்றது.
இருட்டில் அவள் தன் பாஷையில் ஏதோ சொன்னாள்.
தூஷணமாய்த்தான் இருக்கவேண்டும்,
குரல் அப்படி.

அடுத்த நாள் போட் ஓடியது. போனாள்.
குதிரைகள் நனைந்துபோய்
பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றனவாம்.
அங்கிருந்து வந்து அப்படியே இரவு பஸ் எடுத்தாள்,
என் சுவெற்றரோடு.
துவாய் கொடியில் கிடந்தது.

தை பிறந்து நாலாம் நாள்
வானம் தட்டையாய், நீலமாய்.
மூன்று மணிக்குத் தொட்டுப் பார்த்தேன்,
அப்பளம்போல் மொறுமொறுத்தது.
மாத்தறையிலிருந்து யாரோ கேட்டிருக்கிறார்கள்,
ஜனவரியில் உங்களிடம் குளிருமா?
பாகைக் கணக்கு எழுதவில்லை.
துவாய் இரண்டு கொண்டு வாருங்கள்,
என்று எழுதிவிட்டு
அதை அழித்தேன்.
ஒன்று போதும். இங்கே ஒன்று இருக்கிறது.